பாசிக்குளத்து இளவரசியும் வாயாடித் தங்கையும்

நெடுங்காலத்துக்கு முன்னால், மேகங்கள் இன்றைக்குப் பறப்பதைவிடத் தாழப் பறந்த நாளில், மாடியில் நின்று கையை நீட்டினால் விரல் நனைந்துபோன நாளில், கொன்றைக்கோட்டை என்று ஒரு ராஜ்யம் இருந்தது. அங்கே சித்திரவர்மர் என்று ஓர் அரசர். அவருக்குப் பொற்கொடி என்று ஓர் அரசி. இருவருக்கும் இரண்டு பெண்கள்.

மூத்தவள் நித்திலா. அதிகம் பேசமாட்டாள்; பேசினால் மற்றவர்கள் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். இளையவள் இளவஞ்சி. அவள் பேசாத நேரத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சமையற்கட்டில் உப்பை ஏன் கடைசியில் போடுகிறீர்கள் என்று ஆரம்பித்து, சபையில் வரியை மட்டும் ஏன் முதலில் வாங்குகிறீர்கள் என்று முடிப்பாள். பெண்பிள்ளைக்கு இவ்வளவு வாய் ஆகாது என்பார் அமைச்சர் அறவாழியார். எவ்வளவு ஆகும், அதை அளக்க எந்தப் படியை வைத்திருக்கிறீர்கள், ஆண்பிள்ளைக்கும் அதே படிதானா என்று அவள் கேட்பாள். அமைச்சர் தாடியைத் தடவிக்கொள்வார். பதில் இல்லாதவர்களுக்குத் தாடி ஒரு வசதி.

அரண்மனைக்குப் பின்னால் ஒரு பூந்தோட்டம். அதன் நடுவில் ஒரு குளம். மேற்குக் கரையில் நாவல் மரங்கள் குனிந்து நிழல் விரித்திருக்கும். பாதித் தண்ணீரை அல்லி இலைகள் மூடியிருக்கும். அந்த இலைகளுக்குக் கீழே வெள்ளி மீன்கள் நீந்தும். தூங்குகிறவரின் மூடிய இமைக்குள் ஏதோ அசைவது தெரியுமே, அப்படி அசையும். மழைக்காலத்தில் குளம் நிரம்பினால் மிஞ்சிய தண்ணீர் வாய்க்கால் வழியாக ஆற்றில் போய்ச் சேரும்.

ஒரு கோடையில் புகைமுகன் என்ற மந்திரவாதி அந்தத் தோட்டத்துக்கு வந்தான். நடந்து வரவில்லை, புகையாக வந்து மனிதனாக நின்றான். குளக்கரையில் உட்கார்ந்திருந்த நித்திலாவைப் பார்த்து, என்னைக் கல்யாணம் செய்துகொள் என்றான்.

"மாட்டேன்" என்றாள் நித்திலா.

"காரணம்?"

"வேண்டாம் என்பதற்குத் தனியாக ஒரு காரணம் வேண்டுமா?"

வேண்டாம். கதை சொல்கிற நானும் சேர்ந்தே சொல்கிறேன்: வேண்டாம், வேண்டாம், வேண்டாம். ஆனால் அவன் அப்படி நினைக்கவில்லை. உள்ளங்கையைக் குவித்து ஊதினான். வெண்புகை எழுந்தது, சுழன்றது, கலைந்தது. நித்திலா இருந்த இடத்தில் ஒரு வெள்ளி மீன் துள்ளியது. துள்ளித் தண்ணீரில் விழுந்தது. விழுந்து மற்ற வெள்ளி மீன்களோடு கலந்துவிட்டது.

அலறல் கேட்டு எல்லோரும் ஓடிவந்தார்கள். அலறியது இளவஞ்சி, அவள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள். புகைமுகன் ஓடவில்லை. கோயில் குருக்கள் பிரசாதம் தருகிற பணிவோடு அரசரிடம் பேசினான். உங்கள் மகள் இந்தக் குளத்தில்தான் இருக்கிறாள். அவள்மேல் அன்புள்ள யாராவது, தண்ணீருக்குள் அவள் கண்ணை நேருக்கு நேர் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்து வந்துவிடுவாள். ஆனால் ஒரே ஒருமுறைதான் கூப்பிடலாம். வேறு மீனைப் பார்த்து அந்தப் பெயரைச் சொல்லிவிட்டால் அவள் என்றைக்கும் மீன்தான். மழை வந்து குளம் வழிந்து, அவள் ஆற்றோடு போய்விட்டாலும் அப்படியே.

இவ்வளவும் சொல்லிவிட்டுப் புறப்பட்டவன், தோட்டத்து வாசலில் ஏதோ நினைவு வந்தவன்போலத் திரும்பினான்.

"பாவம், குழந்தைக்குப் பசிக்கும். பார்த்துக்கொள்ளுங்கள்."

நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பெண்ணை மீனாக்கியது சின்ன மந்திரம். பெரிய மந்திரம் இந்தக் கடைசி வார்த்தைதான்.

முதல் நாள் அரசர் குளத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். எல்லா மீனும் ஒரே வெள்ளி, ஒரே நீளம். அதுவும் அல்லி இலைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கின்றன. தவறாகக் கூப்பிட்டுவிட்டால் என்ன செய்வது? மகள் கண்ணுக்குத் தெரிய வேண்டுமே என்று அல்லிக்கொடிகளை வேரோடு பிடுங்கச் சொன்னார். வெளிச்சம் வேண்டுமே என்று நாவல் மரங்களை வெட்டச் சொன்னார். மீன்கள் மேலே வர வேண்டுமே என்று கூடை கூடையாகப் பொரி கொட்டச் சொன்னார்.

அரசி தினமும் விடியலில் ஒரு குடம் பாலைத் தானே சுமந்துவந்து தன் கையால் ஊற்றினாள். அரசி ஊற்றும்போது ஊர் சும்மா இருக்குமா? குழந்தைக்கு முதல் சோறு ஊட்டினால் குளத்துக்கு ஒரு பிடி. கல்யாணம் முடிந்த ஜோடி குளத்துக்கு ஒரு சொம்புப் பால். வேண்டுதல் பலித்தால் குளத்துக்கு ஓர் அச்சு வெல்லம். இளவரசிக்குப் போடாதவன் ராஜ்யத்தின்மேல் அன்பில்லாதவன் என்றே பேச்சாகிவிட்டது.

பொரி விழுந்தது, பால் விழுந்தது, வெல்லம் விழுந்தது. குளம் ஒரு சுற்றுப் பச்சையானது.

முதலில் இளம் வாழைக்குருத்துபோல மெல்லிய பச்சை. அழகாகத்தான் இருக்கிறது என்றார்கள்.

பொரி விழுந்தது, பால் விழுந்தது, வெல்லம் விழுந்தது. குளம் இன்னொரு சுற்றுப் பச்சையானது.

இப்போது கிளிப்பச்சை. ஓரங்களில் பச்சை நூல் திரிதிரியாகப் படர்ந்து படிகளைப் பிடித்துக்கொண்டது.

பொரி விழுந்தது, பால் விழுந்தது, வெல்லம் விழுந்தது. குளம் கீரை மசியலானது. தண்ணீருக்குள் கையை விட்டால் மணிக்கட்டுக்குக் கீழே கை காணாமல் போனது.

மந்திரவாதி பாசியையும் ஏவிவிட்டான் என்று ஊர் பேசிக்கொண்டது. சேனாபதி படையோடு வந்து, மூங்கில் கழியாலும் துணியாலும் பாசியை அரித்து அரித்துக் கரையில் குவித்தார். குவியலிலிருந்து வடிந்த பச்சைச் சாறு படி வழியாகக் குளத்துக்கே திரும்பியது. பட்டாளம் இறங்கியதில் மகள் பயந்திருப்பாள் என்று அரசி அன்றைக்கு இரட்டைக் குடம் பால் ஊற்றினாள். மறுநாள் குளம் பழையபடி ஆனது. அடுத்து அமைச்சர் ஆற்றிலிருந்து வண்டி வண்டியாகப் புதுத் தண்ணீர் கொண்டுவந்து கொட்டினார். புதுத் தண்ணீரும் பச்சையானது. மூன்றாவதாக அரசர் கரையில் உட்கார்ந்து அழுதார். அதுவும் பலிக்கவில்லை.

ஒரு நண்பகலில், வெயில் தண்ணீர்மேல் தகடுபோலக் கிடந்த வேளையில், இளவஞ்சி கடைசிப் படியில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டிருந்தாள். தோட்டத்தில் யாரும் இல்லை. தும்பிகூட ஒரே இடத்தில் நின்று தூங்குவதுபோல இருந்தது. அவள் கால்விரலை ஏதோ மெத்தென்று சுற்றியது.

"எல்லோரும் என்னைத் திட்டுகிறார்கள். நீ மட்டும் திட்டவில்லை" என்றது ஒரு குரல். தூக்கத்தில் புரண்டு படுத்தபடி பேசுகிறவரின் குரல்.

"நான் இன்னும் ஆரம்பிக்கவில்லை" என்றாள் இளவஞ்சி. "நீ யார்?"

"பாசி."

"உன்னை யார் வரச்சொன்னார்கள்?"

"நான் வரவில்லை, முன்பே இருந்தேன். படிக்கல்லின் இடுக்கில் நகத்தளவு. உன் பாட்டனார் பிறப்பதற்கு முன்பிருந்தே."

"அப்படியே இருந்திருக்கலாமே."

"விழுவதை உண்கிறேன், வெயிலில் வளர்கிறேன். எனக்கு வேறொன்றும் தெரியாது."

இளவஞ்சிக்குக் கோபம் வந்துவிட்டது. என் அக்காவுக்குப் போட்டதை நீ தின்றது திருட்டு என்றாள். யார் பெயரைச் சொல்லிப் போட்டார்களோ அவர்களுக்குத்தான் அது சொந்தம் என்றாள். பாசி அவசரப்படாமல் எல்லாவற்றையும் கேட்டது.

"உன் அக்காவின் வயிறு இப்போது உன் சுண்டுவிரல் அளவு. மீதியை யார் தின்பது?"

இளவஞ்சி வாயைத் திறந்தாள், மூடினாள். அவள் வாழ்க்கையில் இப்படி நடப்பது அரிது.

"அந்த மந்திரவாதிதானே உன்னை ஏவினான்?"

"அவன் என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. உங்களைத்தான் ஏவினான்."

தும்பி ஒருமுறை இறக்கையைத் தட்டிவிட்டு மறுபடி தூங்கியது. இளவஞ்சி குரலைத் தாழ்த்தினாள். "பாசியே, நீ போய்விடேன்."

"எங்கே போவேன்? என்னைப் பிழிந்து பார். உங்கள் பால், உங்கள் பொரி, உங்கள் வெல்லம். அதெல்லாம்தான் பச்சையாகி நிற்கிறது. விழுவதை உண்கிறேன், வெயிலில் வளர்கிறேன்."

அதே வார்த்தைகளை இரண்டாம் முறை கேட்டபோதுதான் இளவஞ்சிக்கு உறைத்தது. நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எதுவும் விழாவிட்டால்?"

"மெலிவேன்."

"வெயிலுக்குப் பதில் நிழல் இருந்தால்?"

"இன்னும் மெலிவேன்."

"அல்லி திரும்பி வந்தால்?"

"அல்லி என் பங்காளி. மேலே குடைபிடித்து என் வெயிலை மறைக்கும், கீழே வேர்விட்டு என் சோற்றையும் உண்ணும். பொல்லாதது."

இதை ஏன் என்னிடம் சொல்கிறாய், உனக்குத்தானே கெடுதல் என்று அவள் கேட்டாள். நீ கேட்டாய், சொன்னேன், எனக்கு இதில் பக்கம் எதுவும் கிடையாது என்று சொல்லிவிட்டு, பாசி அவள் விரலை விட்டு மெல்ல நழுவியது.

அன்று மாலையே இளவஞ்சி சபையில் எழுந்து நின்றாள். குளத்தில் பாசியைப் பயிர் செய்வது நாம்தான் என்றாள். நாம் போடுவதில் அக்கா தின்பது ஒரு துளி, மீதி முழுக்க உரம். நிழலை வெட்டினோம், அல்லியைப் பிடுங்கினோம், உரம் போட்டோம்; இதைவிட ஒரு வயலை யார் நன்றாகப் பார்த்துக்கொள்ள முடியும்? நாளையிலிருந்து ஒரு பொரி, ஒரு சொட்டுப் பால் குளத்தில் விழக்கூடாது. கோட்டை வாசலில் நிற்கிற பிள்ளைகளுக்கு அதைக் கொடுங்கள், அவர்களுக்கு வாயும் இருக்கிறது, வயிறும் இருக்கிறது.

நல்ல வாதம்தானே? ஓட்டை எங்கே என்று சொல்லுங்கள் பார்ப்போம். ஆனால் சபை அதைக் கேட்கவில்லை. அக்காளைப் பட்டினி போடு என்று சொல்லும் தங்கையை இன்றுதான் பார்க்கிறேன் என்றார் அமைச்சர். மூத்தவள் இல்லாவிட்டால் சிம்மாசனம் யாருக்கு என்று பின்வரிசையில் ஒருவர் கேட்க, இன்னொருவர் சிரித்தார். இளவஞ்சி ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னாள். கடைசியில் அரசி எழுந்தாள். அவள் குரல் உயரவே இல்லை.

"நீ ஒரு பிள்ளையைப் பெற்ற பிறகு வந்து பேசு, வஞ்சி."

உண்மையை வாதாடி ஜெயிக்க முடியாதபோது இப்படி ஒன்றைச் சொல்லி வாயை அடைப்பது எல்லா ராஜ்யத்திலும் வழக்கம். இளவஞ்சி வெளியே போனாள்.

பொரி விழுந்தது, பால் விழுந்தது, வெல்லம் விழுந்தது. தெற்கு வானத்தில் முதல் வெண்மேகம் வந்து நின்றது.

வாதத்தில் தோற்றவள் இப்போது பார்க்க ஆரம்பித்தாள். விடியலிலும் உச்சிவேளையிலும் மாலையிலும் குளத்தின் ஓரத்திலேயே கிடந்தாள். அப்போது ஒன்றைக் கவனித்தாள். விடியலில் மீன்கள் எல்லாம் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. வெயில் ஏறியதும் பச்சை நூலிலிருந்து குமிழ் குமிழாகக் காற்று எழுகிறது, மீன்கள் கீழே போய்விடுகின்றன. இருட்டியதும் குமிழ் நின்றுவிடுகிறது. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே.

அடுத்த விடியலில் அரசி பால் குடத்தோடு வந்தாள். பனிமூட்டம் குளத்தின்மேல் மஸ்லின் துணிபோலக் கிடந்தது. அதைக் கிழித்துக்கொண்டு வெள்ளி வாய்கள், எண்ணி மாளாத சின்னச் சின்ன வாய்கள், சத்தமில்லாமல் திறந்து மூடிக்கொண்டிருந்தன. அரசியின் கண் நிறைந்தது.

"பார்த்தாயா? விடிந்தும் விடியாததுமாக என் பிள்ளை வாயைத் திறந்துகொண்டு நிற்கிறாள். இதைப் பார்த்துவிட்டு எப்படி ஊற்றாமல் இருப்பேன்?"

"அம்மா, அது பசி இல்லை. மூச்சு."

அரசி நின்றாள்.

"பசி என்றால் மத்தியானமும் பசிக்க வேண்டுமே. மத்தியானம் ஒரு மீன்கூட வாயைத் திறப்பதில்லை. பகலில் பாசி தண்ணீருக்கு மூச்சுத் தருகிறது. இருட்டியதும் தந்ததை எல்லாம் அதுவே திரும்ப இழுத்துக்கொள்கிறது. பாசி கொஞ்சமாக இருந்தால் மீனுக்கும் மிஞ்சும். இவ்வளவு இருந்தால் விடியும்போது மிச்சம் இல்லை. அதனால்தான் மேலே வந்து தவிக்கின்றன."

"இதுவும் உன் வாதமா?"

"இல்லை. நீங்களே பாருங்கள்." இளவஞ்சி ஒரு பிடி பொரியை எடுத்து அம்மாவின் கையில் வைத்தாள். "போடுங்கள்."

அரசி போட்டாள். பொரி மிதந்து போனது. திறந்து நின்ற வாய்களின் ஓரத்தைத் தொட்டது, உரசியது, தாண்டிப் போனது. ஒரு மீன்கூட அதைக் கவ்வவில்லை. பொரி குளத்தைக் கடந்து எதிர்ப்படியில் ஒதுங்கி, அங்கே பச்சை நூலில் சிக்கிக்கொண்டது.

அரசி குடத்தைப் படியில் இறக்கி வைத்தாள். தானும் அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். மகளின் தலையில் கையை வைத்தாள். ஒன்றும் சொல்லவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று இளவஞ்சிக்குத் தோன்றவில்லை.

அன்றிலிருந்து தோட்டத்து வாசலில் அரசியே நின்றாள். பொரியோடு வந்தவர்களை, பாலோடு வந்தவர்களை, வெல்லத்தோடு வந்தவர்களைத் தானே திருப்பி அனுப்பினாள். சிலர் மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போனார்கள். கையில் இருப்பதைக் கோட்டை வாசல் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, வயலோரக் குட்டையிலிருந்து ஓர் அல்லிக்கிழங்கு தோண்டிக்கொண்டு வாருங்கள் என்று இளவஞ்சி அவர்கள் பின்னாலேயே போய்ச் சொன்னாள். இளவரசிக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று தவித்தவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. கிழங்குகள் வந்தன. மண்சட்டியில் சேற்றோடு நட்டுக் குளத்தில் இறக்கினார்கள். நாவல் மரம் நினைத்த மாத்திரத்தில் வளருமா? அதனால் மேற்குப் பக்கத்தில் மூங்கில் நட்டுத் தென்னங்கீற்றுப் பந்தல் போட்டார்கள். பச்சை நூலைக் கழியில் மெல்லச் சுற்றி, குளம் கலங்காமல் எடுத்தார்கள். கரையில் குவிக்கவில்லை, கூடையில் அள்ளித் தூரத்துக் கத்தரிப் பாத்திகளுக்கு எருவாகக் கொண்டுபோனார்கள்.

பொரி விழவில்லை, பால் விழவில்லை, வெல்லம் விழவில்லை. குளம் ஒரு சுற்று வெளுத்தது.

கீரை மசியல் கிளிப்பச்சையானது. அல்லி முதல் இலையை விரித்தது.

பொரி விழவில்லை, பால் விழவில்லை, வெல்லம் விழவில்லை. குளம் இன்னொரு சுற்று வெளுத்தது. விடியலில் தண்ணீருக்கு மேலே வந்த வாய்கள் குறைந்தன.

ஒரு நண்பகலில் பாசி பேசியது. குரல் நூலாக இளைத்திருந்தது. மெலிந்துவிட்டேன் என்றது. வருத்தமா என்று இளவஞ்சி கேட்டாள்.

"வருத்தப்பட எனக்குத் தெரியாது. வெளிச்சம் என்னைத் தாண்டிக் கீழே இறங்கிப் போகிறது. அது எங்கே போகிறது என்று இவ்வளவு நாளும் நான் பார்த்ததே இல்லை."

அதற்குப் பிறகு அது பேசவில்லை.

ஆனால் மேகம் காத்திருக்குமா? வெண்மேகம் சாம்பலாகி, சாம்பல் கருமேகமாகி, ஒருநாள் காலையில் வானம் தோட்டத்து மதிலில் வந்து உட்கார்ந்துகொண்டது. காற்றில் மண்வாசனை. குளம் இன்னும் முழுதாகத் தெளியவில்லை. அரசர் கரையில் நின்று மேலே பார்த்தார், கீழே பார்த்தார். அவருக்குப் பக்கத்தில் புகை எழுந்தது.

புகைமுகன் பணிவோடு நின்றான். கையில் ஒரு வாழையிலைப் பொட்டலம். உள்ளே மயில்கழுத்து நிறத்தில் நீலப் பொடி.

"என் மனமும் கல்லில்லை, அரசே. இதைத் தூவுங்கள். உச்சிப்பொழுதுக்குள் குளம் கண்ணாடி. மழை மாலையில்தான்."

அரசர் பொட்டலத்தை வாங்கிவிட்டார். இளவஞ்சி குறுக்கே வந்து நின்றாள்.

"இவ்வளவு பாசியும் ஒரே பொழுதில் செத்தால் எங்கே போகும், அப்பா? அடியில் விழும், அழுகும். அழுகுவதும் மூச்சைத் தின்னும். குளம் கண்ணாடியாகத்தான் இருக்கும். கண்ணாடிக்குக் கீழே எல்லா மீனும் மல்லாந்து கிடக்கும்."

"மெதுவாகச் செய்து என்ன கண்டாய்?" என்றார் அரசர். "மழை வந்துவிட்டதே. இன்று மாலை அவள் ஆற்றோடு போய்விட்டால் உன் வாதம் அவளைத் திருப்பிக் கொண்டுவருமா?"

அவர் சொன்னதும் உண்மைதானே. புகைமுகன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். இலைப் பொட்டலத்தின் முடிச்சு அவிழ்ந்தது.

அப்போது அரசி வந்தாள். அரசரின் கையிலிருந்து பொட்டலத்தை வாங்கி, அதே முடிச்சை மறுபடி போட்டு, மந்திரவாதியின் கையில் வைத்தாள்.

"ஒருமுறை உன் பேச்சைக் கேட்டு என் பிள்ளைக்குப் பால் ஊற்றினேன். அவளை மூச்சுத் திணற வைத்தேன். இனி இந்தக் குளத்தில் நான் எதையும் ஊற்றமாட்டேன், தூவமாட்டேன். மழை பெய்யட்டும். அவள் உயிரோடு ஆற்றுக்குப் போனாலும் போகட்டும்."

புகைமுகனின் சிரிப்பு நின்றது. அவன் எல்லாவற்றையும் கணக்குப் போட்டு வைத்திருந்தான். ஒரு தாய் கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள் என்பது மட்டும் அவன் கணக்கில் இல்லை.

இடி முழங்கியது. மேகம் இன்னும் தாழ இறங்கிச் சூரியனை முழுதாக மூடிக்கொண்டது. அப்போது யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. இத்தனை நாளும் தண்ணீர்மேல் தகதகத்துக் கண்ணைக் கூசவைத்த வெயில் போய்விட்டதல்லவா? மினுமினுப்பு அணைந்ததும் குளத்தின் மேல்தோல் விலகியதுபோல இருந்தது. உள்ளே தெரிந்தது. மங்கலாக, இளம்பச்சையாக, ஒரு கனவின் அடிவாரம்போலத் தெரிந்தது. அல்லித் தண்டுகள், சட்டிகள், அவற்றுக்கு நடுவே அமைதியாக நீந்தும் வெள்ளி மீன்கள்.

இளவஞ்சி கடைசிப் படியில் குப்புறப் படுத்து, மூக்கு நனையக் குனிந்தாள். எல்லா மீனும் ஒரே வெள்ளி, ஒரே நீளம். ஒரே ஒருமுறைதான் கூப்பிடலாம். எது என்று அரசர் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. அமைச்சர் மட்டும் தயங்காமல் கை நீட்டினார்.

"அதோ, அந்தப் பருத்த மீன். அரச ரத்தம் என்றால் உருவத்தில் தெரியாமல் போகுமா, தாயே?"

"ரத்தத்தை நிறுத்துப் பார்க்க எந்தத் தராசை வைத்திருக்கிறீர்கள், அமைச்சரே?" இளவஞ்சி படுத்தபடியே திரும்பினாள். "அது பருத்திருப்பதற்குக் காரணம் நம் பொரி. என் அக்கா கூட்டத்தில் முட்டி மோதிப் பொரி தின்கிறவளா? கூப்பிட்டால் வருகிறவளா? மந்திரவாதி கூப்பிட்டே வரவில்லை, அதனால்தானே இந்தக் கதி. அப்படிப்பட்டவளை…"

பேச்சு பாதியில் நின்றது. ஒரு மீன், பருத்ததுமல்ல மெலிந்ததுமல்ல, அல்லி இலையின் அடியிலிருந்து வெளியே வந்திருந்தது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து அவளைப் பார்த்தது. நீண்ட சண்டையின் நடுவே, கூடப்பிறந்தவள் ஒருத்தியால் மட்டுமே பார்க்க முடிகிற பார்வை அது. போதும் வஞ்சி, மூச்சு விட்டுக்கொள் என்கிற பார்வை.

அக்கா என்று நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. அவள் ஒருநாளும் அக்காவைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. பல்லைக் கடித்து அதை நிறுத்தினாள். முதல் மழைத்துளி தண்ணீரில் விழுந்து வளையம் விரிவதற்குள், அந்தக் கண்ணைப் பார்த்துச் சொன்னாள்.

"நித்திலா."

தண்ணீர் எழுந்தது, சுழன்றது, கலைந்தது. படியில் நித்திலா நின்றுகொண்டிருந்தாள், தலைமுடியில் அல்லி இலையும் தோளில் ஒரு பச்சை நூலுமாக. அரசி ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். அரசர் மறுபடியும் அழுதார், இந்த முறை யாரும் குறை சொல்லவில்லை.

அவிழ்ந்த மந்திரம் எங்காவது போக வேண்டுமே. அது கட்டியவனைத் தேடிப் போனது. புகைமுகன் ஓட நினைத்தான். நினைப்பதற்குள் காலுக்குப் பதில் வால் வந்துவிட்டது. துள்ளிக் குளத்தில் விழுந்தான். பெருமழை பிடித்துக்கொண்டது. குளம் நிறைந்து, வழிந்து, வாய்க்காலாகி ஆற்றைத் தேடி ஓடியது. அதோடு அவனும் போனான். ஆற்றைத் தொடுவதற்குள் அவன்மேல் அன்புள்ள ஒருவர் அவன் கண்ணைப் பார்த்துக் கூப்பிட்டிருந்தால் திரும்பி வந்திருக்கலாம். விதி எல்லோருக்கும் ஒன்றுதான். யாரும் கூப்பிட்டதாகத் தகவல் இல்லை.

அறவாழியார் நனைந்த தாடியோடு வந்து இளவஞ்சியின் முன்னால் நின்றார். சபையில் உங்களுக்கு ஓர் ஆசனம் போடச் சொல்லட்டுமா என்று கேட்டார். அதை எனக்கு முன்பே போட்டிருக்க வேண்டும், ஏன் போடவில்லை என்று அவள் ஆரம்பித்தாள். ஆசனம் வந்துவிட்டது. வாதம் இன்னும் முடியவில்லை.

மழை கொஞ்சம் ஓய்ந்தபோது அக்காவும் தங்கையும் கீற்றுப் பந்தலுக்கு அடியில் ஈரத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். பந்தலிலிருந்து சொட்டும் ஒவ்வொரு துளிக்கும் குளத்தில் ஒரு வளையம் எழுந்து மறைந்தது. உள்ளே எப்படி இருந்தது அக்கா என்று இளவஞ்சி கேட்டாள். நித்திலா தண்ணீரைப் பார்த்தபடி சொன்னாள்.

"எல்லாம் மறந்துகொண்டே வந்தது. கால் இருந்தது மறந்தது. வீடு மறந்தது. மேலே எல்லோரும் அழுதது கேட்டது. அழுகை எல்லாம் உள்ளே ஒரே சத்தமாகத்தான் வந்தது. யார் அழுகிறார்கள் என்று தெரியாது. ஒருத்தி சண்டை போடுகிற சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது. பாசியோடு சண்டை, அம்மாவோடு சண்டை, அமைச்சரோடு சண்டை. இவ்வளவு பேர் ஒருத்தியிடம் திட்டு வாங்குகிறார்களே, யாருக்காக என்று யோசித்துப் பார்ப்பேன். யோசிக்கும்போதெல்லாம் என் பெயர் ஞாபகம் வரும்."

இளவஞ்சி பதிலுக்கு ஏதோ சொல்ல வந்தாள். சொல்லவில்லை. அக்காவின் தோளில் சாய்ந்துகொண்டு, மழையைப் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கதை கரையேறிவிட்டது. கேட்டவர்களே, நீங்களும் நனையாமல் வீடு போய்ச் சேருங்கள்.